காட்டோடையைப் படம் எடுக்க: வெயிலும் நிழலும் கலந்து விழும் இடத்தில் என்ன செய்வது

காட்டோடையில் படத்தைக் கெடுப்பது வெயில் திட்டுதான். கிளைகளுக்கு நடுவே புகுந்து வரும் வெயில் ஒரு பாறையில் மட்டும் விழும். பக்கத்துப் பாறை கறுத்துக் கிடக்கும். கண்ணால் பார்க்க அது அழகாகவே இருக்கும், ஏனென்றால் கண் இங்கும் அங்கும் தாவித் தாவிச் சரிசெய்துகொள்கிறது. கேமராவால் அது முடியாது. வெயில் விழுந்த இடத்துக்கும் ஒட்டியிருக்கும் நிழலுக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). அதில் வெள்ளை நுரையும் சேர்ந்துகொண்டால் ஒன்று நுரை வெளுத்துப் போகும், இல்லாவிட்டால் காடு மொத்தமும் இருட்டாகிவிடும்.

நான் தண்டையார்பேட்டையில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைப்பவன். மேடையில் ஒரு வெளிச்சம், வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சம், வீடியோகாரர் போடும் லைட் என்று எப்போதும் கலப்பு வெளிச்சத்தில்தான் வேலை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஓடைகளில் கலங்கல் தெளிந்து, தண்ணீர் மட்டும் குறையாமல் ஓடுவதும் அந்த மாதத்தில்தான். அதனால் மார்கழி பிறந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவேன்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை உண்டு. நல்ல பாறை ஓடைகள் ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இருக்கின்றன. செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி, தடாவில் இடது பக்கம் திரும்பி, வரதய்யபாளையம் வழியாகப் போனால் உப்பலமடுகு. நம் ஆட்கள் தடா அருவி என்று சொல்வது இதைத்தான். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் போனால் நாகலாபுரம். புத்தூர் பக்கம் போனால் கைலாசகோனா. சூலூர்பேட்டை போகும் மின்சார ரயில் தடாவில் நிற்கும், ஆனால் காலை வெளிச்சம் வேண்டுமானால் ரயிலை நம்ப முடியாது, வண்டிதான் வேண்டும். இவை பெரும்பாலும் வனத்துறையின் இடங்கள். உள்ளே விடுகிறார்களா, எந்த நேரத்துக்கு விடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத பாதையில் போகாதீர்கள்.

முதலில் வெளிச்சம், பிறகுதான் ஓடை

அழகான ஒரு சின்ன அருவியைப் பார்த்தவுடன் ஸ்டாண்டை விரிக்கத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். பையை ஒரு பாறையில் வைத்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் ஓடையோடு மேலும் கீழும் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். தேட வேண்டியது, முழுக்க நிழலாக இருக்கும் ஒரு துண்டு ஓடை. தண்ணீர், பாறை, பின்னால் தெரியும் மரம் எல்லாமே ஒரே நிழலுக்குள் இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அப்போதும் ஏதாவது ஒரு திட்டு பளிச்சென்று தெரிந்தால் அது படத்திலும் துருத்திக்கொண்டு நிற்கும். முழு வெயிலில் இருக்கும் பெரிய அருவியைவிட முழு நிழலில் இருக்கும் முழங்கால் உயர அருவியே நல்ல படம் தரும் என்பது என் தீர்மானமான கருத்து.

நிழலை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். நம் பகுதி ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். டிசம்பர் கடைசியில் அப்படி வராது. நண்பகலில்கூடத் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆகவே கிழக்கு மேற்காக ஓடும் ஓடையில், தெற்குக் கரை செங்குத்தாக உயர்ந்து நின்றால், மார்கழியில் பகல் முழுக்க அந்த ஓடை நிழலிலேயே இருக்கும். போனில் இருக்கும் திசைகாட்டியை வைத்து இப்படி ஒரு வளைவைக் கண்டுபிடித்துவிட்டால் நாளெல்லாம் அங்கேயே வேலை செய்யலாம். (நாகலாபுரம் போகிறவர்கள் ஊருக்குள் இருக்கும் வேதநாராயணர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். மேற்கு பார்த்த சந்நிதி. மார்ச் மாதக் கடைசியில் மூன்று நாள், மாலை வெயில் கருவறை வரை போய், முதல் நாள் பாதம், அடுத்த நாள் நாபி, மூன்றாம் நாள் திருமுகம் என்று பெருமாள் மேல் விழும். சூரியன் எந்த மாதம் எங்கே நிற்கும் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம்.)

நேரம் என்றால் காலைதான். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். பள்ளத்தில் ஓடும் ஓடைக்குள் வெயில் இறங்க அதற்கு மேலும் நேரம் எடுக்கும். அந்த இடைவெளிதான் நமக்கான நேரம்.

அதிலும் சில நிமிடங்கள் தனி. ஓடை நிழலில் இருக்கிறது, ஆனால் எதிரே மேலே நிற்கும் பாறைச்சுவரில் மட்டும் வெயில் ஏறத் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தண்ணீரைக் குனிந்து பாருங்கள். மேலே இருக்கும் சுவரின் நிறம் தண்ணீரில் இறங்கியிருக்கும். இந்த மலைகளின் பாறை பெரும்பாலும் குவார்ட்சைட். புவியியலில் நகரி குவார்ட்சைட் என்றே அதற்குப் பெயர். வெயில் பட்டால் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக அடிக்கும். அந்த நிறம் நிழலில் ஓடும் தண்ணீரின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடு பொன்னாக ஓடும், மடிப்பின் மறுபக்கத்தில் வானத்தின் நீலம் ஓடும். அருவியை மறந்துவிட்டு, லென்ஸை நீட்டி, தண்ணீரின் மேற்பரப்பை மட்டும் எடுங்கள். 70 மி.மீ.-க்கு மேல் இருந்தால் நல்லது. கேமராவை ஒரு சாண் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் பொன் வேறு இடத்துக்கு நகரும். ஆகவே ஸ்டாண்டின் உயரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஷட்டர் 1/30 நொடி வைத்தால் மடிப்புகள் கூர்மையாக நிற்கும், 1/4 வைத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று இழையும். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் சுவரைத் தாண்டித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் இது முடிந்துவிடும்.

வெயில் ஏறிய பிறகு

மேகம் இருந்தால் காத்திருக்கலாம். எல்லா செட்டிங்கையும் முடித்துவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து உட்காருங்கள். ஒரு சின்ன மேகம் கடந்து போகும் அரை நிமிடத்தில் நிதானமாக இரண்டு மூன்று படம் எடுத்துவிடலாம்.

மேகமே இல்லாவிட்டால் சின்ன இடமாகப் பிடியுங்கள். கல்யாண வேலையில் இருப்பவர்களிடம் ஐந்து வகையாக மாற்றிப் போடும் வட்ட ரிஃப்ளெக்டர் இருக்கும். வெள்ளி, தங்க உறையைக் கழற்றினால் உள்ளே வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் துணி. அதை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தால் அதன் கீழே மூன்று நான்கு அடி அகலத்துக்கு மெத்தென்ற நிழல் கிடைக்கும். என்னோடு லைட் பிடிக்க வரும் தம்பி முதல் முறை கேட்டான், "அண்ணா, பொண்ணு மாப்பிள்ளைக்குப் பிடிக்கிறதை கல்லுக்குப் பிடிக்கணுமா?" பிடித்துப் பார்த்த பிறகு அவனே இடம் தேட ஆரம்பித்துவிட்டான். கூழாங்கற்களுக்கு நடுவே வழியும் தண்ணீர், பாறை இடுக்கில் முளைத்த ஒரு கொத்து பெரணி, இதற்கெல்லாம் அந்த மூன்றடி போதும். குடையும் உதவும். கறுப்புக் குடை நிழலை மட்டும் தரும், துணி வெளிச்சத்தைப் பரப்பித் தரும். இரண்டில் துணிதான் எனக்குப் பிடித்தது.

அகலமான காட்சியே வேண்டும், வெயில் திட்டும் இருக்கிறது என்றால் பிராக்கெட்டிங் செய்ய வேண்டியதுதான், அதாவது ஒரே காட்சியை வேறு வேறு வெளிச்ச அளவில் எடுத்துப் பிறகு சேர்ப்பது. சரியான அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. தண்ணீர் மூன்றிலும் வேறு வேறாக இருக்கும் என்பதால், சேர்க்கும்போது தண்ணீரை ஒரே படத்திலிருந்து எடுங்கள். மென்பொருள் தானாகச் சேர்த்துத் தரும் எச்.டி.ஆர். படத்தில் நுரை சாம்பல் பூசியது போல வரும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சி.பி.எல். ஃபில்டர்: முதலில் வாங்க வேண்டியது இதுதான்

ஓடைப் படம் என்றதும் எல்லோரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைத்தான் வாங்கப் போகிறார்கள். நான் பளபளப்பை வெட்டும் சி.பி.எல். (போலரைசர்) வாங்கச் சொல்வேன். நனைந்த பாறை, ஈர இலை, தண்ணீரின் மேற்பரப்பு மூன்றிலும் வானம் வெள்ளையாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பிறகு எடிட்டிங்கில் நீக்கவே முடியாது, ஏனென்றால் அதற்கு அடியில் இருக்கும் நிறம் கேமராவுக்குள் வந்திருக்காது. சி.பி.எல்.லைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஈரப் பாறையை மட்டும் கவனியுங்கள். வெள்ளை மங்கி, பாறையின் செம்மையும் அதன் மேல் படர்ந்த பாசியின் பச்சையும் மேலே வரும். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கற்களும் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது இது மிக நன்றாக வேலை செய்யும். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது.

முழுவதும் வெட்டிவிடாதீர்கள். பாறையில் கொஞ்சமாவது மினுமினுப்பு இருந்தால்தான் அது ஈரம் என்று தெரியும். முழுதாகத் திருப்பிவிட்டு, அங்கிருந்து சற்றே பின்னால் வாருங்கள். மேலே சொன்ன பொன் நிறத்தை எடுக்கும்போது சி.பி.எல்.லைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நிறத்தையே துடைத்துவிடும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பாறையை நனைப்பது. குவார்ட்சைட் உலர்ந்திருந்தால் வெளிறி இருக்கும், நனைந்தால் நிறம் ஆழ்ந்துவிடும். ஒரே பாறையில் மேல் பாதி உலர்ந்தும் கீழ்ப் பாதி நனைந்தும் இருந்தால் அதுவே இரண்டு வெளிச்சம் போலத்தான். ஃபிரேமுக்குள் வரும் உலர்ந்த பாறைகள் மேல் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, கையால் பரவலாகத் தேய்த்துவிடுங்கள். காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். முன்னால் இருக்கும் பாறைக்கு மட்டும் செய்தாலே படம் மாறிவிடும்.

ஃபில்டர் வாங்கும்போது உங்களிடம் இருக்கும் லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு வாங்கி, சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷட்டர், எக்ஸ்போஷர்

ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சின்னதாகும்) 11. அடர்ந்த நிழலில் இந்த அளவில் ஷட்டர் தானாகவே 1/4 நொடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சி.பி.எல். இன்னும் ஒன்றரை ஸ்டாப் வரை தின்றுவிடும், ஆக அரை நொடிக்கு மேல் கிடைத்துவிடுகிறது. என்.டி.யே தேவைப்படாது. கொஞ்சம் வெளிச்சமான நிழலுக்கு மூன்று ஸ்டாப் குறைக்கும் என்.டி. 8 போதும். பத்து ஸ்டாப் குறைக்கும் என்.டி. 1000 கடலுக்கு நல்லது, ஓடைக்கு வீண். ஷட்டரை நீட்டுவதற்காக எஃப் 22-க்குப் போகாதீர்கள். டிஃப்ராக்‌ஷனால் (சின்னத் துளையில் ஒளி விரிந்து பரவுவதால்) படம் முழுக்கக் கூர்மை குறையும்.

எத்தனை நொடி என்பது தண்ணீரின் வேகத்தைப் பொறுத்தது. விசையாக விழும் இடத்தில் 1/4 முதல் 1/2 நொடிக்குள் தண்ணீர் இழை இழையாகத் தெரியும், எந்தப் பாறையில் மோதி எப்படித் திரும்புகிறது என்பதும் தெரியும். இரண்டு மூன்று நொடி போனால் இழையெல்லாம் கலைந்து பஞ்சு மிட்டாயாகிவிடும். மடுவில் நுரையோ சருகோ மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கு மட்டும் 10 நொடி, 15 நொடி என்று கொடுங்கள். அழகான வட்டக் கோடுகள் விழும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிய ஒரு பழுத்த இலையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம்.

எக்ஸ்போஷருக்கு ஒரே அளவுகோல், வெள்ளை நுரை. சுற்றிலும் இருட்டான பாறையும் இலையும் இருப்பதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், நுரை பர்ன் ஆகிவிடும். முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். வெளுத்துப் போன இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் அலர்ட்டைப் போட்டுவிடுங்கள். நுரையில் ஒரு பொட்டு மினுக்கினால் பரவாயில்லை, பட்டையாக மினுக்கினால் இன்னும் குறைக்க வேண்டும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் கோப்பு) நிழலை இரண்டு ஸ்டாப் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப் போன நுரையை மீட்க வழியில்லை. இதே விதிதான் எனக்கு மண்டபத்தில் மணப்பெண்ணின் பட்டு ஜரிகைக்கும்.

காற்றடித்தால் இலைகள் கலங்கிவிடும். தண்ணீருக்கு ஒரு படம் எடுத்த கையோடு, அதே ஃபிரேமில் ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றி, எஃப் எண்ணை மாற்றாமல், வேகமான ஷட்டரில் இலைகளுக்கு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சேர்த்துவிடலாம்.

ஃபோகஸை மேனுவலில் வையுங்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸில் 18 மி.மீ., எஃப் 11 என்றால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும் பாறைக்கு ஃபோகஸ் வைத்தால் முக்கால் மீட்டரிலிருந்து கடைசி மரம் வரை கூர்மையாக வரும். இது ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏ.பி.எஸ்-சி கேமராவுக்கான கணக்கு. சி.பி.எல்.லைத் திருப்பும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து திரும்பிவிடலாம், இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டும் காலும்

ஓடும் தண்ணீருக்குள் ஸ்டாண்டின் காலை வைத்தால் அது மெல்ல அதிரும், கையால் தொட்டால்தான் தெரியும். முடிந்தவரை மூன்று காலையும் பாறையில் ஊன்றுங்கள். நடுக்கம்பத்தை உயர்த்தாதீர்கள். நடுவில் பையைத் தொங்கவிட்டால் அது ஆடும், அதனால் காசிமேட்டில் வலை கட்ட விற்கும் நைலான் கயிற்றால் பையைக் கீழே ஒரு கல்லோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிடுவேன். கை நடுக்கத்தைத் தணிக்கும் ஐ.எஸ். அல்லது வி.ஆர். இருந்தால் ஸ்டாண்டில் வைத்ததும் அணைத்துவிடுங்கள். ரிமோட் இல்லாவிட்டால் இரண்டு நொடி டைமர்.

பாறையின் கறுத்த பகுதிதான் வழுக்கும். பச்சைப் பாசியைப் பார்த்ததும் நாமே ஜாக்கிரதையாகிவிடுவோம், கறுத்துப் படிந்த பாசி பாறை போலவே இருப்பதால் ஏமாற்றிவிடும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாறை தாண்டாதீர்கள், பைக்குள் போட்டு இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில், மேலே மலையில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக இறங்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, ஸ்டாண்டைப் பற்றிக்கூட யோசிக்காமல் கரையேறுங்கள். இந்த மடுக்களில் மூழ்கி உயிரை விட்டவர்கள் உண்டு. தனியாகப் போகவே வேண்டாம்.

பழகிக்கொள்ள மலைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் அலை ஏறி வழியும்போது விடியலுக்கு முன் எடுத்துப் பாருங்கள். 1/4 நொடிக்கும் 2 நொடிக்கும் என்ன வித்தியாசம், ஈரக் கல்லில் சி.பி.எல். என்ன செய்கிறது என்பதெல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடும். உப்புத் தண்ணீர் தெறிக்கும், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஸ்டாண்டைத் துடையுங்கள்.

மொபைல் மட்டும் வைத்திருப்பவர்கள்: ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு லாங் எக்ஸ்போஷரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை நீங்களே வைக்கலாம். போனை ஸ்டாண்டில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நிழலான இடத்தைத் தேடும் வேலை எல்லா கேமராவுக்கும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

மரத்துக்கு அடியில் எடுத்த படத்தில் பச்சை ஏறியிருக்கும். இலைகளின் வழியே வடிகட்டி வரும் வெளிச்சம் நுரையையும் பாறையையும் பச்சையாக்கிவிடும், வானத்திலிருந்து வரும் நிழல் வெளிச்சம் நீலத்தைச் சேர்க்கும். எடுக்கும்போதே ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 6000 கெல்வின் பக்கம் ஒரே அளவில் நிறுத்திவிடுங்கள். எடிட்டிங்கில் டின்ட்டை (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே நகரும் அளவு) மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் நுரை வெள்ளையாகும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் தள்ளினால் பாறை ரோஸ் அடிக்கும். நிழலில் இருக்கும் நீலத்தை முழுக்க எடுத்துவிடவும் வேண்டாம். கொஞ்சம் நீலம் இருந்தால்தான் தண்ணீர் குளிர்ச்சியாகத் தெரியும்.

படத்தை பிரிண்ட் போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 12-க்கு 18 அங்குலத்தில் பார்த்தால்தான் நீங்கள் காப்பாற்றிய நுரையின் இழை தெரியும். திரையின் பிரைட்னஸை முழுதாக வைத்து எடிட் செய்த படம் பேப்பரில் இருட்டாக வரும், ஆகவே பாதி பிரைட்னஸில் வைத்துச் சரிபாருங்கள். பெரிய பிரிண்டுக்கு முன் அதே லேபில் 4-க்கு 6 ஒன்று போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல் பாறைகள் ஒரே கறுப்பாக அப்பியிருந்தால் ஷேடோவை மட்டும் கொஞ்சம் தூக்கி மறுபடி அனுப்புங்கள். பேப்பர் மேட்டாக இருக்கட்டும். கிளாஸி பேப்பரில் டியூப் லைட் பளபளக்கும், காட்டில் அவ்வளவு பாடுபட்டு நீக்கிய பளபளப்பு சுவரில் திரும்ப வந்துவிடும்.